ஒரே பெட்டகத்தில் எல்லாக் கடவுச்சொற்களையும் வைக்கலாமா?

பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்ட வாசகி ஒருவரின் கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். குடும்பத்தின் இணையக் கணக்குகளை எல்லாம் பார்த்துக்கொள்பவர் அவர்தான். கணவர், மாமியார், கல்லூரியில் படிக்கும் மகள் ஆகியோருடையவற்றையும் சேர்த்தால் நூற்றுக்குக் குறையாது என்கிறார். அடிப்படைக் கடவுச்சொல் ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் பின்னால் அந்தந்தத் தளத்தின் பெயரில் முதல் மூன்று எழுத்துகளையும் தன் பிறந்த ஆண்டையும் சேர்ப்பது அவர் பழக்கம். அவற்றைப் பழைய டைரி ஒன்றிலும் போனிலுள்ள நோட்ஸ் செயலியிலும் எழுதி வைத்திருக்கிறார். அண்மையில் ஷாப்பிங் தளம் ஒன்றிலிருந்து வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்துவிட்டதாக அவருக்குத் தகவல் வந்தது. அடுத்த சில நாட்களிலேயே அவருடைய மின்னஞ்சலைத் திறக்க யாரோ முயன்றதாக எச்சரிக்கையும் வந்தது.

கடவுச்சொற்களையெல்லாம் பூட்டிய பெட்டகம் ஒன்றில் சேமித்து, வேண்டியபோது எடுத்துத் தரும் செயலியான பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றுக்கு மாறிவிடலாம் என்று எண்ணி வீட்டில் பேசியபோது ஆளுக்கொரு கருத்து. பிரவுசரே சேமித்து வைத்துக்கொள்கிறதே, தனியாக எதற்கு என்கிறார் கணவர். பணம் கட்டி வாங்குவதுதான் பாதுகாப்பு என்கிறார் மகள். அப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றிலேயே களவு நடந்ததைப் படித்திருக்கும் தம்பி, எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொண்டுபோய் வைப்பது ஆபத்து என்று தடுக்கிறார். அந்தப் பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் என்ன ஆகும், தனக்கு ஏதேனும் நேர்ந்தால் குடும்பத்தார் எப்படித் திறப்பார்கள், அலுவலகத்தில் செய்வதுபோல் மாதந்தோறும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்பவை அவருடைய மற்றக் கேள்விகள். வீட்டிலிருக்கும் ஒரே கணினியை எல்லோரும் கடவுச்சொல் இல்லாமலே திறந்து ஒரே பிரவுசரில் பயன்படுத்துவதாகவும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் மூவர் சொன்ன மூன்று கருத்துகளிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தச் செயலி சிறந்தது என்று தேடுவதைவிட, அது கைவிடும் நாளில் உங்கள் நிலை என்ன என்று கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. நிறுவனத்தில் களவு நடக்கும் நாள், உங்கள் போன் தொலையும் நாள், மாஸ்டர் பாஸ்வேர்ட் நினைவுக்கு வராத நாள், நீங்கள் இல்லாத நாள் ஆகிய நான்கையும் மனத்தில் வைத்தே உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

இன்றிரவே செய்ய வேண்டியது

முதலில் உங்கள் மின்னஞ்சல். எந்த மேனேஜர் என்ற முடிவுக்காக இது காத்திருக்க வேண்டாம். எந்தத் தளத்தில் கடவுச்சொல் மறந்துவிட்டதாக அழுத்தினாலும், புதியது வைப்பதற்கான இணைப்பு அந்த மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. ஆகவே அதைக் கைப்பற்றியவர் மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளலாம். பழையதோடு எந்த ஒட்டும் இல்லாத புதிய கடவுச்சொல்லை வையுங்கள்; கடவுச்சொல்லோடு, போனுக்கு வரும் குறியீடு போன்ற இன்னொன்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். பிறகு அமைப்புகளுக்குள் சென்று, எந்தெந்தச் சாதனங்களில் கணக்கு திறந்திருக்கிறது, மீட்புக்கான போன் எண்ணும் மாற்று மின்னஞ்சலும் உங்களுடையவைதானா, வரும் அஞ்சல்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதேனும் புகுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் சொன்னதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அந்த விதி பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும்.

தளத்துக்குத் தளம் மூன்று எழுத்து மாறுவதால் உங்கள் கடவுச்சொற்கள் வெவ்வேறுதான் என்றும், உங்களைப் போன்ற சாதாரணக் குடும்பத்தை யார் குறிவைப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே பலருக்கும் இருக்கும் எண்ணங்கள்; இரண்டும் சரியல்ல. ஒரு தளத்திலிருந்து கசிந்த மின்னஞ்சல் முகவரிகளையும் கடவுச்சொற்களையும் மற்ற நூற்றுக்கணக்கான தளங்களில் தானாகவே போட்டுப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நீங்கள் யார் என்பது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உங்கள் கடவுச்சொல்லின் நடுவில் ஷாப்பிங் தளத்தின் மூன்று எழுத்துகள் நிற்பதைக் கண்டால், வேறு தளத்துக்கு எந்த மூன்று எழுத்துகள் வரும் என்று ஊகிக்க அதிக அறிவும் தேவையில்லை. மரபணு ஆய்வு நிறுவனமான 23அண்ட்மீயில் 2023இல் நடந்தது இந்த வகைத் தாக்குதல்தான். வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களையே இங்கும் வைத்திருந்த சுமார் 14,000 பேரின் கணக்குகள் திறக்கப்பட்டன; உறவினர்களைக் கண்டறியும் வசதி வழியாக அந்தக் கணக்குகளோடு தொடர்பிலிருந்த சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின.

தம்பியின் அச்சம் நியாயமானதா?

உங்கள் தம்பி படித்தது லாஸ்ட்பாஸ் நிறுவனத்தைப் பற்றியதாக இருக்கலாம். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த மேனேஜரை எப்படி எடைபோடுவது என்பதற்கான விடை அதற்குள்ளேயே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் அந்த நிறுவனத்தின் மென்பொருள் உருவாக்கப் பகுதிக்குள் புகுந்தவர்கள், அங்கே கிடைத்த தகவல்களை வைத்து மேலும் முன்னேறி, வாடிக்கையாளர் பெட்டகங்களின் காப்புப் பிரதிகளையே நகலெடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது.

பெட்டகங்களுக்குள் இருந்த பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருந்தன. அவற்றைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்ட் நிறுவனத்திடம் இல்லை. நல்ல மேனேஜர்கள் அனைத்தும் இப்படித்தான் இயங்குகின்றன: நீங்கள் தட்டும் மாஸ்டர் பாஸ்வேர்டிலிருந்து உங்கள் சாதனத்திலேயே ஒரு சாவி உருவாகிறது, அந்தச் சாவியால் பூட்டப்பட்ட பெட்டகம் மட்டுமே நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. ஆனால் லாஸ்ட்பாஸில் தளங்களின் முகவரிகள் குறியாக்கம் செய்யப்படாமல் இருந்தன. யார் எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார் என்பது திருடர்களுக்குப் பூட்டை உடைக்காமலே தெரிந்துவிட்டது. இன்னொரு குறையும் இருந்தது. மாஸ்டர் பாஸ்வேர்டிலிருந்து சாவி பிறப்பதற்கு ஒரு கணக்கீட்டை மீண்டும் மீண்டும் பல ஆயிரம் முறை செய்கிறார்கள். ஒவ்வோர் ஊகத்துக்கும் திருடனின் கணினியும் அத்தனை முறை உழைத்தாக வேண்டும் என்பதே நோக்கம். இந்தக் கணக்கீட்டுக்குப் பயன்படும் பிபிகேடிஎஃப்2 என்னும் முறைக்கு இப்போது பரிந்துரைக்கப்படும் எண்ணிக்கை 6,00,000. லாஸ்ட்பாஸின் பழைய கணக்குகள் சிலவற்றில் வெறும் 5,000 என்பதே மாற்றப்படாமல் இருந்தது.

ஆகவே சர்வர்கள் களவு போகும் என்று தம்பி சொல்வது உண்மை. அது நிகழும் என்று எண்ணித்தான் நாமும் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டகத்தின் நகல் திருடனின் கையில் இருந்தால், எத்தனை முறை தவறினால் கணக்கு முடங்கும் என்ற கட்டுப்பாடும் அவனுக்கு இல்லை. பல ஆண்டுகளுக்கு அவன் நிதானமாக ஊகித்துக்கொண்டே இருக்கலாம். வலுவான மாஸ்டர் பாஸ்வேர்ட் வைத்திருந்தவர்களுக்கு அந்த நகலால் பெரிய ஆபத்து இல்லை. பிறந்த நாளையும் செல்லப் பெயரையும் வைத்திருந்தவர்களுக்கு உண்டு. மேலும், எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கக் கூடாது என்ற வாதத்தில் ஒன்றை அவர் மறந்துவிடுகிறார்: உங்கள் கணக்குகள் ஏற்கெனவே ஓரிடத்தில்தான் இருக்கின்றன. ஒரே அடிப்படைச் சொல்லை நூறு தளங்களில் வைத்திருப்பது, வீட்டின் எல்லா அறைகளுக்கும் ஒரே சாவியைச் செய்து அதன் நகலை நூறு பேரிடம் கொடுத்துவைத்திருப்பதற்குச் சமம். அந்த நூறு பேரில் மிகவும் கவனக்குறைவானவர் யாரோ, அவர் கையில்தான் உங்கள் பாதுகாப்பு இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கணவர் சொல்லும் பிரவுசர் வழியைத் தள்ளிவிட மாட்டேன். கூகுளின் மேனேஜரோ, 2024இல் ஆப்பிள் தனிச் செயலியாகக் கொண்டுவந்த பாஸ்வேர்ட்ஸோ, இப்போது நீங்கள் செய்வதைவிடப் பன்மடங்கு மேல். தனியாக வாழும், ஒரே நிறுவனத்தின் சாதனங்களையே வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாததற்குக் காரணம் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த வரிதான். கடவுச்சொல் இல்லாமல் திறக்கும் கணினியில், எல்லோரும் பயன்படுத்தும் ஒரே பிரவுசரில் சேமித்தால், அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் உங்கள் கணக்குகளுக்குள் போய்விடலாம். அதே கணினியில் யாரோ ஒருவர் விளையாட்டுக்காகவோ படத்துக்காகவோ இறக்கும் கோப்பில், பிரவுசரில் சேமித்தவற்றை அள்ளிச் செல்வதற்கென்றே எழுதப்பட்ட தீநிரல் இருக்கலாம். எந்த மேனேஜர் வந்தாலும் கணினியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் வைப்பது கட்டாயம். தீநிரல் புகுந்த கணினியில் எந்த மேனேஜரும் முழுப் பாதுகாப்புத் தர முடியாது.

உங்கள் போனும் கணவருடையதும் ஆண்ட்ராய்டு, மகளுடையது ஐபோன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே எல்லாச் சாதனங்களிலும் இயங்கும் தனி மேனேஜர்தான் உங்களுக்கு ஏற்றது. பிட்வார்டனை நான் முதலில் சொல்வேன். அதன் மூலநிரல் யாரும் பார்க்கக்கூடியதாக வெளியிடப்பட்டிருக்கிறது. இலவசத் திட்டத்திலேயே எத்தனை கடவுச்சொற்களையும் எத்தனை சாதனங்களிலும் வைக்கலாம். பணம் கட்டினால்தான் பாதுகாப்பு என்ற மகளின் கருத்து இங்கே பொருந்தாது, ஏனென்றால் இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் குறியாக்கம் ஒன்றே. கட்டணத்தில் கூடுதலாகக் கிடைப்பவை வசதிகள். ஆயினும் மகள் விரும்பும் 1பாஸ்வேர்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மாஸ்டர் பாஸ்வேர்டோடு, உங்கள் சாதனத்தில் உருவாகி நிறுவனத்துக்கே தெரியாமல் இருக்கும் 128 பிட் ரகசியச் சாவி ஒன்றும் சேர்ந்தால்தான் அதில் பெட்டகம் திறக்கும். லாஸ்ட்பாஸில் நடந்ததுபோல் நகல் திருடப்பட்டாலும் மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் ஊகித்துப் பயனில்லை. அதன் விலை, அந்தச் சாவியையும் நீங்கள் தொலைக்காமல் காக்க வேண்டும் என்பது.

எந்த நிறுவனத்தின் சர்வரும் வேண்டாம் என்பவர்களுக்காகக் கீபாஸ் குடும்பச் செயலிகள் இருக்கின்றன. கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ் போன்றவை உங்கள் கடவுச்சொற்களைப் பூட்டிய ஒரே கோப்பாக உங்களிடமே வைத்துக்கொள்ளும். தம்பிக்கு இது பிடிக்கும், அவருக்கு இதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் நான்கு பேரின் சாதனங்களில் அந்தக் கோப்பை ஒத்திசைப்பதும் காப்புப் பிரதி எடுப்பதும் உங்கள் தலையில்தான் விழும். ஏற்கெனவே இத்தனை பொறுப்புகளைச் சுமக்கும் உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

மேனேஜரால் கிடைக்கும் ஒரு நன்மையை யாரும் உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. தளத்தின் முகவரி சேமித்த முகவரியோடு பொருந்தினால்தான் அது கடவுச்சொல்லை நிரப்ப முன்வரும். வங்கியின் பக்கத்தை அச்சு அசலாகப் போலி செய்து, முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றியிருந்தால் உங்கள் கண் ஏமாறலாம்; மேனேஜர் பேசாமல் இருந்துவிடும். அப்படி அது நிரப்ப மறுக்கும்போது, பெட்டகத்தைத் திறந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, பெட்டகத்தில் சேமித்திருக்கும் முகவரியை அழுத்தி உள்ளே போங்கள்.

மாஸ்டர் பாஸ்வேர்டும் அதை மறப்பதும்

இதை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. தற்செயல் தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதர் மனம் பிடித்த சொல்லையே எடுக்கும், பாட்டு வரியையும் பழமொழியையும் எடுக்கும். அவையெல்லாம் ஊகிக்கும் நிரல்களின் பட்டியலில் ஏற்கெனவே இருக்கக்கூடும். 1995இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு என்பவர் வகுத்த டைஸ்வேர் என்னும் முறையில், பகடையை ஐந்து முறை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுக்கிறார்கள். இப்படி ஆறு சொற்களை எடுத்தால் சாத்தியமான சேர்க்கைகள் 24 இலக்க எண்ணாகிவிடும். பகடையும் பட்டியலும் இல்லையென்றால், மேனேஜருக்குள்ளேயே சொற்றொடர் உருவாக்கும் வசதி இருக்கிறது. அது தருவதை, ஒரு சொல் பிடிக்கவில்லை என்று மாற்றாமல், அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வைக்க விரும்பினால் ஓர் எச்சரிக்கை: ழகரத்தையும் நெடிலையும் நாம் ஒரு நாள் ஒரு மாதிரி எழுதுகிறோம், மறுநாள் வேறு மாதிரி. எழுத்துக்கூட்டை முதல் நாளே தாளில் எழுதி உறுதி செய்துகொள்ளாவிட்டால், சொல் நினைவிருந்தும் பெட்டகம் திறக்காது.

ஆம், தாளில் எழுதச் சொல்கிறேன். கடவுச்சொல்லை எழுதிவைப்பதே குற்றம் என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுதும் தெரிகிறது. வீட்டுப் பத்திரங்களோடு பூட்டிவைத்த தாளை இணையத் திருடன் எட்ட முடியாது. உங்கள் இரண்டு குறிப்புகளில் என்னைக் கவலைப்படுத்துவது டைரியைவிட நோட்ஸ் செயலிதான், ஏனென்றால் அதிலுள்ளவை தனிப் பூட்டு எதுவுமில்லாமல் உங்கள் கணக்கோடு ஒத்திசைந்து மற்றச் சாதனங்களுக்கும் போய்க்கொண்டிருக்கக்கூடும்.

மறந்துவிட்டால் நிறுவனம் மீட்டுத் தராது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். அவர்களால் திறக்க முடியாது என்பதே உங்கள் பாதுகாப்பு. ஆகவே அதை அவர்களின் குறையாகக் கருத முடியாது. முதல் சில வாரங்களுக்குக் கைரேகையால் திறக்கும் வசதியை அணைத்துவிட்டு, தினமும் கையாலேயே தட்டுங்கள், விரல்களுக்கும் பழகிவிடும்.

இதைவிட அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் சிக்கல் வேறு. மின்னஞ்சலின் கடவுச்சொல் பெட்டகத்துக்குள் இருக்கும். புதிய சாதனத்தில் பெட்டகத்தைத் திறக்க வேண்டுமானால் சரிபார்ப்புக் குறியீடு அந்த மின்னஞ்சலுக்கு வரும். போன் தொலைந்த நாளில் ஒன்றைத் திறக்க மற்றொன்று வேண்டும், இரண்டுமே பூட்டியிருக்கும். எனவே அந்தத் தாளில் மாஸ்டர் பாஸ்வேர்டோடு, மின்னஞ்சலின் கடவுச்சொல், போன் கையில் இல்லாதபோது உள்ளே போவதற்கென மின்னஞ்சலுக்கும் மேனேஜருக்கும் தரப்பட்ட மீட்புக் குறியீடுகள் ஆகியவையும் இருக்க வேண்டும். 1பாஸ்வேர்டு என்றால் ரகசியச் சாவி அச்சிட்ட அவசரத் தாளும். எல்லாவற்றையும் எழுதியபின், தொலைந்துவிட்டதாக எண்ணிப் போனை ஒதுக்கிவைத்துவிட்டு, தாளை மட்டும் கொண்டு வேறொரு சாதனத்தில் உள்ளே போக முடிகிறதா என்று ஒரு முறை செய்து பாருங்கள். அந்தச் சோதனை வெற்றி பெறும்வரை டைரியைக் கிழிக்க வேண்டாம்.

உங்களுக்குப் பிறகும், மற்றவர்களுக்காகவும்

பிட்வார்டனின் கட்டணத் திட்டத்தில் அவசர அணுகல் என்ற வசதி இருக்கிறது. நம்பிக்கைக்குரிய ஒருவரை நீங்கள் நியமித்துவைத்தால், அவர் அணுகல் கோரும்போது உங்களுக்கு அறிவிப்பு வரும். நீங்கள் குறித்த நாட்களுக்குள் மறுக்காவிட்டால் பெட்டகம் அவருக்குத் திறக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் இறந்த பிறகு கணக்கை அணுக ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் ஆப்பிளின் மரபுத் தொடர்பாளர் ஏற்பாட்டை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அந்த ஏற்பாட்டில் படங்களும் கோப்புகளும் கிடைக்குமே தவிர, சேமித்த கடவுச்சொற்கள் கிடைக்காது. எளிய வழி, மேலே சொன்ன தாளை உறையிலிட்டு ஒட்டி, இருக்குமிடத்தைக் கணவரிடம் சொல்லிவைப்பதுதான்.

நான்கு பேரின் கடவுச்சொற்களையும் உங்கள் ஒரே பெட்டகத்தில் போட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். மகள் வளர்ந்தவர், அவருடைய மின்னஞ்சல் அவருடையதாகவே இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டகம் அமைத்து, பொதுவானவற்றை மட்டும் பகிர்ந்துகொள்ளுங்கள். மாமியாரின் வங்கிக் கணக்கில் இன்னும் கவனம் தேவை. அவர் சம்மதத்தோடுதான் பார்க்கிறீர்கள் என்றாலும், கடவுச்சொல் தெரிந்திருப்பது அந்தக் கணக்கை இயக்கும் சட்ட உரிமையைத் தந்துவிடாது. பின்னர் பிழையோ மோசடியோ நேர்ந்தால், கடவுச்சொல்லைப் பிறரிடம் பகிர்ந்தார் என்பதே அவருக்கு எதிராகப் பேசப்படலாம். கூட்டுக் கணக்காக மாற்றுவது, முறையான அதிகாரம் எழுதிப் பெறுவது ஆகியவற்றில் எது பொருந்தும் என்று அவருடைய வங்கியிலேயே கேளுங்கள்.

மாதந்தோறும் மாற்ற வேண்டியதில்லை. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், காரணமின்றிக் காலமுறைப்படி மாற்றச் சொல்லக் கூடாது என்று 2017இலேயே தன் வழிகாட்டுதலில் கூறிவிட்டது. அப்படிக் கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றுகிறார்கள். கசிவு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். டிராய் ஹண்ட் 2013இல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற தளத்தில் உங்கள் முகவரியைப் பதிந்துவைத்தால், புதிய கசிவு அதில் சேரும்போது தகவல் வரும்.

நூறு கணக்குகளையும் ஒரே நாளில் மாற்ற முனையாதீர்கள், பாதியில் சோர்ந்துவிடுவீர்கள். மின்னஞ்சல், வங்கிகள், போன் எண்ணோடு இணைந்த கணக்கு, சமூக ஊடகங்கள் என்ற வரிசையில் முதல் வாரத்தில் முடித்துவிட்டு, மற்றவற்றை எப்போது உள்ளே போகிறீர்களோ அப்போது மேனேஜர் உருவாக்கும் நீண்ட கடவுச்சொல்லாக மாற்றிக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் சாதனத்திலோ மேனேஜரிலோ இருக்கும் சாவியால் உள்ளே விடும் பாஸ்கீயை வைக்கச் சொல்லும் தளங்களில் ஏற்றுக்கொள்ளலாம். போலித் தளத்தில் அது வேலை செய்யாது என்பதால் கடவுச்சொல்லைவிட நல்லது. பிரவுசரில் ஏற்கெனவே சேமித்திருப்பவற்றை மேனேஜருக்குக் கொண்டுவரும்போது உருவாகும் சிஎஸ்வி கோப்பில் எல்லாம் வெட்டவெளிச்சமாக எழுதப்பட்டிருக்கும். அதை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள்; ஏற்றி முடித்ததும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு, பிரவுசரில் இருப்பவற்றையும் நீக்கிவிடுங்கள்.

அலுவலகக் கணக்குகளை மட்டும் இந்தப் பெட்டகத்தில் சேர்க்காதீர்கள். அவற்றை எங்கே வைக்கலாம் என்பதை உங்கள் அலுவலகத்தின் தொழில்நுட்பப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் வையுங்கள்; மாதந்தோறும் மாற்ற வேண்டும் என்பது அங்கே விதியாக இருக்கும்வரை, அங்கே அப்படியே செய்யுங்கள்.